புதிய செல்போன் வாங்கத்தான் வேண்டுமா? வீட்டிலேயே சோதித்து முடிவெடுக்கும் வழி

"போன் போய்விட்டது தம்பி, புதிதாக ஒன்று பார்த்துச் சொல்" என்றார் சித்தப்பா. நெல் விற்ற பணத்தில் பதினெட்டாயிரம் ரூபாயைத் தனியாக எடுத்து வைத்திருந்தார். நான்கு வருடப் போன். சார்ஜரைச் செருகி அழுத்திப் பிடித்தால் ஏறும், கையை விட்டால் நின்றுவிடும். பழுது பார்க்கும் கடையில் "போர்டு போய்விட்டது, மாற்றிவிடுங்கள்" என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

போனை அணைத்துவிட்டு, சார்ஜ் துளைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். பல்குத்தும் மரக்குச்சியின் முனையால் ஓரத்தை மெதுவாகச் சுரண்டியதும் சாம்பல் நிறத்தில் கம்பளித் துண்டு போல ஒன்று வந்தது. நான்கு வருடமாகச் சட்டைப்பையில் சேர்ந்த நூல்தூசி. சார்ஜர் உள்ளே போகும்போதெல்லாம் அது அழுந்தி அழுந்தி நகம் கனத்துக்கு இறுகியிருந்தது. இரண்டாவது துண்டையும் எடுத்துவிட்டுச் சார்ஜரைச் செருகினேன். அடிவரை போய் உட்கார்ந்தது, சார்ஜ் ஏறியது. பணம் மறுபடியும் பீரோவுக்குப் போனது.

நம் வீடுகளில் பலர் இப்படிக் குச்சியால் தீரும் கோளாறுக்காகப் போனையே மாற்றுகிறார்கள். உண்மையில் மாற்ற வேண்டிய போனை "நன்றாகத்தானே ஓடுகிறது" என்று வைத்துக்கொண்டு, அதில் வங்கிக் கணக்கையும் வைத்திருப்பவர்கள் உண்டு. இந்த விளக்கம் இரண்டு தரப்பாருக்கும்தான். ஒரு காகிதமும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள், ஒரு மணி நேரம் போதும்.

படி 1: குறையை எழுதுங்கள்

"போன் சரியில்லை" என்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. எது, எப்போது சரியில்லை என்று எழுதுங்கள். "கேமராவைத் திறக்க ஐந்து விநாடி ஆகிறது", "மத்தியானத்துக்குள் சார்ஜ் தீர்ந்துவிடுகிறது", "எதிரில் பேசுபவருக்கு என் குரல் கேட்கவில்லை" என்று தெளிவாக இருக்க வேண்டும். குரல் கேட்காமல் போவதற்கும் பல நேரம் மைக் துளை அடைபட்டதே காரணம். காகிதத்தில் எழுத ஒரு குறையும் இல்லாமல், நண்பர் கையில் புதுப் போனைப் பார்த்ததால் வந்த ஆசை மட்டும்தான் என்றால் அதையும் மறைக்காமல் எழுதிக்கொள்ளுங்கள். ஆசைக்கு வாங்குவது தவறில்லை. ஆனால் ஆசைக்குக் கடன் வாங்க வேண்டாம்.

சார்ஜ் துளையைச் சுத்தம் செய்வதாக இருந்தால் போன் அணைந்திருக்க வேண்டும், மரக்குச்சிதான் பயன்படுத்த வேண்டும். ஊசியும் ஹேர்பின்னும் கூடவே கூடாது. டைப்-சி துளையின் நடுவில் மெல்லிய நாக்கு ஒன்று இருக்கும், அதன் மேல் அழுத்தம் படக்கூடாது.

படி 2: நிரம்பி வழிகிறதா என்று பாருங்கள்

போன் மெதுவாக இருப்பதற்கு நான் அதிகம் பார்த்த காரணம் இடப்பற்றாக்குறை. செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் பக்கத்தைத் திறந்தால் எத்தனை ஜிபி மீதி இருக்கிறது என்று தெரியும். புதியதை எழுதப் போனின் நினைவகத்துக்குக் காலி இடம் தேவை. 64 ஜிபியில் 62 நிரம்பியிருந்தால் ஒவ்வொரு முறையும் பழையதை ஒதுக்கி இடம் பண்ணிக்கொண்டுதான் அதனால் எழுத முடியும். அந்தத் திணறலைத்தான் நாம் "போன் சுற்றுகிறது" என்கிறோம்.

வாட்ஸ்ஆப் செட்டிங்ஸில் "மேனேஜ் ஸ்டோரேஜ்" என்று ஒரு பகுதி உண்டு. குடும்பக் குழு, ஊர்க் குழு, பள்ளிக் குழு ஒவ்வொன்றும் எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று அங்கே பெரியதிலிருந்து சிறியதாக வரிசைப்படுத்திக் காட்டும். காலை வணக்கப் படங்களையும் பலமுறை அனுப்பப்பட்ட வீடியோக்களையும் நீக்கி, தானாகப் பதிவிறங்கும் வசதியை அணைத்துவிடுங்கள். மொத்த இடத்தில் ஐந்தில் ஒரு பங்காவது காலியாக இருக்கட்டும். பிறகு போனை ஒருமுறை அணைத்து இயக்கி, இரண்டு நாள் பயன்படுத்திப் பாருங்கள்.

படி 3: பேட்டரியைச் சோதியுங்கள்

லித்தியம் அயான் பேட்டரி, நாம் பயன்படுத்தினாலும் பயன்படுத்தாவிட்டாலும், தேயும் பொருள். சேர்த்துக் கணக்கிட்டால் முழு அளவு ஒருமுறை காலியாகி ஏறுவதை ஒரு சுற்று என்பார்கள். ஐபோன் 14 வரையான மாடல்களின் பேட்டரி 500 சுற்றுகளுக்குப் பிறகு 80 சதவீதக் கொள்ளளவைத் தக்கவைக்கும்படி வடிவமைக்கப்பட்டது என்றும், ஐபோன் 15 முதல் அது 1000 சுற்றுகள் என்றும் ஆப்பிள் சொல்கிறது. தினமும் ஒரு முழுச் சுற்று ஓட்டுகிறவருக்கு 500 சுற்று ஒன்றரை வருடத்துக்குள் முடிந்துவிடும். நம் ஊர் வெயிலில் பைக் டேங்க் கவரிலும் கார் டாஷ்போர்டிலும் கிடக்கும் போனுக்கு இன்னும் சீக்கிரம் தேயும்.

ஐபோனில் பேட்டரி ஹெல்த் பக்கத்தில் சதவீதம் தெரியும். புதிய ஆண்ட்ராய்டு போன்கள் சிலவும் காட்டுகின்றன. காட்டாவிட்டால் நடத்தையைக் கவனியுங்கள். 30 சதவீதம் காட்டிக்கொண்டே திடீரென அணைந்தாலோ, கேமரா திறந்ததும் பத்துப் புள்ளி சரிந்தாலோ பேட்டரி தேய்ந்திருக்கிறது. பின்பக்கம் உப்பியிருந்தாலோ, திரை ஓரத்தில் இடைவெளி விட்டிருந்தாலோ அதற்குமேல் சார்ஜ் போடாதீர்கள், அழுத்தவும் குத்தவும் கூடாது. அன்றே சேவை மையத்துக்குக் கொண்டுபோங்கள்.

தேய்ந்த பேட்டரி போனின் வேகத்தையும் பாதிக்கும் என்பது பலருக்குத் தெரியாது. பழைய பேட்டரி உள்ள ஐபோன்கள் திடீரென அணைந்துபோகாமலிருக்க அவற்றின் வேகத்தைக் குறைத்ததாக 2017 டிசம்பரில் ஆப்பிள் ஒப்புக்கொண்டது. எதிர்ப்பு கிளம்பியதும் பேட்டரி மாற்றும் கட்டணத்தை அமெரிக்காவில் 79 டாலரிலிருந்து 29 டாலராகக் குறைத்தது. புது பேட்டரி போட்டதும் அந்தப் போன்கள் பழைய வேகத்துக்குத் திரும்பின. எனவே புதுப் போன் விலையைக் கேட்கும் முன், அதிகாரப்பூர்வ சேவை மையத்தில் உங்கள் மாடலுக்குப் பேட்டரி மாற்ற எவ்வளவு என்று கேட்டுக் காகிதத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 4: பாதுகாப்புத் தேதியைப் பாருங்கள்

இந்தப் படியை மட்டும் தாண்டிப் போகாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். செட்டிங்ஸ், அபவுட் போன், ஆண்ட்ராய்டு வெர்ஷன் என்று போனால் "செக்யூரிட்டி அப்டேட்" என்ற வரியும் அருகில் ஒரு தேதியும் இருக்கும். மென்பொருளில் கண்டுபிடிக்கப்பட்ட ஓட்டைகளை உங்கள் போனின் நிறுவனம் கடைசியாக எந்தத் தேதி வரை அடைத்துத் தந்திருக்கிறது என்பதை அது காட்டுகிறது.

தேதி சில மாதங்களுக்குள் இருந்தால் கவலையில்லை. ஒரு வருடத்துக்கு மேல் ஆகி, "அப்டேட் இருக்கிறதா" என்று தேடியும் எதுவும் வரவில்லை என்றால், நிறுவனம் அந்த மாடலைக் கைவிட்டுவிட்டது என்று பொருள். போன் மறுநாளே செத்துவிடாது, செயலிகள் தொடர்ந்து புதுப்பிக்கப்படும். பல வருடப் பழைய ஆண்ட்ராய்டிலும் வாட்ஸ்ஆப் ஓடும். ஆனால் அடைக்கப்படாத ஓட்டைகள் உள்ள கருவியில் யுபிஐ, வங்கிச் செயலி, ஆதார் எல்லாவற்றையும் வைத்திருக்கிறோம். பேட்டரியை மாற்றலாம், திரையை மாற்றலாம். இதைச் சரிசெய்ய எந்தக் கடையாலும் முடியாது.

சித்தப்பாவின் போனில் அந்தத் தேதி இரண்டு வருடம் பழையது. உரக்கடைப் பாக்கியிலிருந்து பேத்தியின் பள்ளிக் கட்டணம் வரை அதில்தான் கட்டுகிறார். பீரோவுக்குப் போன பணத்தை மறுபடி எடுக்கச் சொன்னேன். கடைக்காரர் சொன்ன காரணம் தவறு, ஆனாலும் போனை மாற்றத்தான் வேண்டியிருந்தது.

உங்கள் காகிதத்தையும் இப்போது பாருங்கள். தேதி புதிதாக இருந்து, குறை இடமோ பேட்டரியோ என்றால் பழைய போனே போதும். தேதி பழையது என்றாலோ, பழுது பார்க்கும் செலவு புதுப் போன் விலையில் பாதியை நெருங்கினாலோ அடுத்த படிக்கு வாருங்கள்.

படி 5: விலையை மாதத்தால் வகுங்கள்

கடையில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி: "இந்த மாடல் எப்போது வெளிவந்தது? எத்தனை வருடம் பாதுகாப்புப் புதுப்பிப்பு தருவார்கள்?" பல நிறுவனங்கள் இந்தக் கணக்கை மாடல் வெளிவந்த நாளிலிருந்து எண்ணுகின்றன. நீங்கள் வாங்கிய நாள் அவர்கள் கணக்கில் வராது. 2023 அக்டோபரில் வந்த கூகுள் பிக்சல் 8-க்கும், 2024 ஜனவரியில் வந்த சாம்சங் கேலக்ஸி எஸ்24-க்கும் ஏழு வருடம் என்று வாக்குக் கொடுத்திருக்கிறார்கள். விலை குறைந்த போன்கள் பலவற்றில் இது இரண்டு மூன்று வருடத்தோடு நின்றுவிடும். மூன்று வருட வாக்குள்ள மாடலை, வந்து இரண்டு வருடம் கழித்து ஆடித் தள்ளுபடியில் வாங்கினால் கையில் மிஞ்சுவது ஒரே வருடம்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். 14,000 ரூபாய்ப் போனுக்கு மீதி இரண்டு வருடம் என்றால் மாதம் 583 ரூபாய். 20,000 ரூபாய்ப் போனுக்கு ஐந்து வருடம் என்றால் மாதம் 333 ரூபாய். இந்தக் கணக்கைப் பார்த்துத்தான் சித்தப்பா பதினெட்டாயிரத்தோடு இன்னும் இரண்டாயிரம் சேர்த்தார்.

படி 6: பெட்டியில் உள்ள எண்களைப் படியுங்கள்

கேமராவுக்கு 50 மெகாபிக்சல், 108 மெகாபிக்சல் என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். வழக்கமாக எடுக்கும் படத்தில் நான்கு அல்லது ஒன்பது புள்ளிகளை ஒன்றாக்கி ஏறத்தாழ 12 மெகாபிக்சல் படத்தைத்தான் போன் தருகிறது. ஒளியை வாங்கும் சென்சாரின் அளவும் படத்தைச் செம்மைப்படுத்தும் மென்பொருளும்தான் தரத்தைத் தீர்மானிக்கின்றன. "மூன்று கேமரா" என்பதில் ஒன்று மிக அருகில் படமெடுக்கும் 2 மெகாபிக்சல் மேக்ரோ என்றால் அதை எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள்.

ஓடும் செயலிகளைத் தற்காலிகமாக வைத்திருக்கும் வேக நினைவகம்தான் ரேம். அது 8+8 என்று எழுதியிருந்தால் இரண்டாவது 8 ரேம் இல்லை. சேமிப்பிடத்திலிருந்து கடன் வாங்கியது, வேகத்தில் ரேமுக்குப் பக்கத்தில்கூட வராது. முதல் எண்ணை மட்டும் கணக்கில் கொள்ளுங்கள். சேமிப்பிடம் யுஎப்எஸ் வகையா, இஎம்எம்சி வகையா என்றும் கேளுங்கள். இஎம்எம்சி பழைய வகை, மெதுவானது. ஐந்து வருடம் ஓட்டப் போகிற போனுக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இந்தியாவில் 5ஜி 2022 அக்டோபரில் தொடங்கியது. உங்கள் ஊரில் இன்னும் சரியாகக் கிடைக்காவிட்டாலும், ஐந்து வருடத்துக்கு வாங்குவதால் 5ஜி போனாகவே பாருங்கள். என்78, என்28 ஆகிய இரண்டு அலைவரிசைகளும் அதில் இருக்க வேண்டும்.

படி 7: கடையில் கையில் எடுத்துப் பாருங்கள்

கடைக்குள் எல்லாத் திரையும் பளிச்சென்றுதான் இருக்கும். அனுமதி கேட்டு வாசலுக்கு எடுத்துவந்து வெயிலில் ஒரு குறுஞ்செய்தியைப் படித்துப் பாருங்கள். கடையின் இருண்ட மூலையில் ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். ஒலிபெருக்கியில் பேச்சைக் கேளுங்கள், பாட்டை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

யாருக்கு வாங்குகிறீர்களோ அவரை உடன் அழைத்துப் போங்கள், குறிப்பாகப் பெரியவர்களை. மண்வெட்டியும் சிமெண்டும் பிடித்த கைகளில் விரல்ரேகை தேய்ந்திருக்கும். சித்தப்பாவின் வலது கட்டைவிரலைத் திரைக்குள் சென்சார் வைத்த போன் நான்கு முறை மறுத்தது. பக்கவாட்டுப் பொத்தானில் சென்சார் உள்ள இன்னொரு போனில் இடது ஆள்காட்டி விரல் உடனே பதிந்தது. அந்தப் போனைத்தான் வாங்கினோம். அந்தச் சோதனையைச் செய்யாமல் வந்திருந்தால் தினமும் பத்து முறை பாஸ்வேர்டு தட்டிக்கொண்டிருப்பார்.

அந்த நிறுவனத்தின் சேவை மையம் உங்கள் மாவட்டத்தில் இருக்கிறதா என்பதையும் அன்றே விசாரித்துவிடுங்கள்.

படி 8: பணம் கொடுக்கும் முன்

"வட்டியில்லாத் தவணை" என்றால், மொத்தமாகக் கொடுத்தால் என்ன விலை என்று கேளுங்கள். செயலாக்கக் கட்டணம் தனியாக இருக்கும். கிரெடிட் கார்டில் வங்கி வட்டி போட்டு, அதற்கு ஈடாகக் கடை தள்ளுபடி தருகிறது. அந்த வட்டியின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டியை நீங்கள்தான் கட்ட வேண்டும்.

புதிய போனில் *#06# என்று அழுத்தினால் அந்தப் போனுக்கே உரிய அடையாள எண்ணான 15 இலக்க ஐஎம்இஐ எண் வரும். பெட்டியிலும் பில்லிலும் அதே எண் இருக்க வேண்டும். கே, ஒய், எம் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளைத் தட்டி, இடைவெளி விட்டு அந்த எண்ணையும் சேர்த்து 14422-க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால் அந்தப் போனின் விவரம் வரும். பழைய போன் வாங்குகிறவர்கள் இதைச் செய்யாமல் பணத்தைக் கொடுக்கவே கூடாது. திருட்டுப் போன் என்று முடக்கப்பட்டிருந்தால் உங்கள் பணம் திரும்பாது.

படி 9: பழையதை உடனே அழிக்காதீர்கள்

படங்கள், தொடர்புகள், வாட்ஸ்ஆப் உரையாடல் மூன்றையும் முதலில் காப்பு எடுங்கள். யுபிஐ செயலிகள் சிம் வழியாகக் குறுஞ்செய்தி அனுப்பி மறுபடி சரிபார்க்கும், ஆகவே சிம்மை மாற்றிய பிறகு அவற்றை நிறுவுங்கள். ஒரு வாரம் எல்லாம் சரியாக ஓடிய பின் பழையதை முழுமையாக அழிக்கலாம். எக்ஸ்சேஞ்சில் கொடுப்பதாக இருந்தால் அந்த ஒரு வாரம் கிடைக்காது. வாங்கும் நாளுக்கு முன்பே காப்பு எடுத்து, கூகுள் கணக்கை நீக்கி, அழித்து வைத்திருங்கள்.

சித்தப்பா எக்ஸ்சேஞ்சில் கொடுக்கவில்லை. பழைய போனை முழுமையாக அழித்து, சிம்மை எடுத்துவிட்டு, பாட்டுகளை மட்டும் ஏற்றித் தந்தேன். மோட்டார் அறையில் ஆணியில் ஒரு துணிப்பை தொங்குகிறது. தண்ணீர் பாய்ச்சும் நேரத்தில் அதற்குள்ளிருந்து பாடிக்கொண்டிருக்கிறது.