பச்சை உடம்புக்காரிக்குத் துணை நிற்பது எப்படி? தாயும் குழந்தையும் ஒட்டிக்கொள்ளச் சில படிகள்

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் பதினெட்டு வயதுகூட ஆகாத பெண்கள் இன்னமும் பிள்ளை பெறுகிறார்கள். புருஷன் பெங்களூரில் கட்டட வேலைக்குப் போயிருப்பார். இரண்டாவதும் பெண் என்று மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டிருப்பார். பெண் சிசுக்கொலையைத் தடுக்க, வளர்க்க முடியாத குழந்தையை அரசுத் தொட்டிலில் விட்டுப் போகச் சொல்லி 1992-ல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001-ல் தர்மபுரிக்கும் வந்தது என்றால், இங்கே பிள்ளை பெற்றவளின் மனசு எவ்வளவு நெருக்கடியில் இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அப்படி ஒருத்தி உங்கள் தெருவில் இருந்தால், அக்காவாகவோ பக்கத்து வீட்டுக்காரராகவோ நீங்கள் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது.

படி 1: முதலில் அவளைக் கவனியுங்கள்

போனதும் குழந்தையைத் தூக்காதீர்கள். சாப்பிட்டாளா, தூங்கினாளா என்று கேளுங்கள். பாத்திரம் கிடந்தால் கழுவிக் கொடுங்கள். பசியும் தூக்கமின்மையும் தீராமல் பாசத்தைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

படி 2: சொல்வதைக் கேளுங்கள்

“என்னக்கா, இதப் பார்த்தா எனக்கு ஒண்ணுமே தோண மாட்டேங்குது” என்று ஒருத்தி சொன்னால், “பெத்தவ பேசுற பேச்சா இது?” என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அதற்கப்புறம் வாயே திறக்க மாட்டாள். “சில பேருக்கு நாளாகும் கண்ணு, நான் இருக்கேன்” என்றால் போதும். பாசம் பிரசவ அறையிலேயே எல்லோருக்கும் பொங்கிவிடுவதில்லை. தொட்டு, பால் கொடுத்து, பழகப் பழக வருவதும் பாசம்தான்.

படி 3: கங்காரு பராமரிப்பு

இதுதான் முக்கியமான படி, நிதானமாகப் படியுங்கள். குழந்தையைத் தாயின் மார்போடு தோல் படக் கட்டிவைத்துச் சூடு கொடுப்பதுதான் கங்காரு பராமரிப்பு. குழந்தையைச் சூடாக வைக்கும் இன்குபேட்டர் பெட்டி போதாமல் 1978-ல் கொலம்பியாவின் பொகோட்டா நகர மருத்துவமனையில் தொடங்கிய முறை இது. 2.5 கிலோவுக்குக் குறைவாகப் பிறந்த குழந்தைகளுக்கு மிகவும் நல்லது. குறைமாதக் குழந்தை என்றால், டாக்டரிடமோ நர்ஸம்மாவிடமோ ஒருமுறை கேட்டுவிட்டு வீட்டில் தொடருங்கள்.

அவளைச் சுவரில் தலையணை வைத்துச் சற்றே சாய்ந்து உட்காரச் சொல்லுங்கள். முன்பக்கம் திறக்கும் நைட்டி வசதி. குழந்தைக்குத் தொப்பி, சாக்ஸ், இடுப்புத் துணி மட்டும் இருக்கட்டும். மார்புகளுக்கு நடுவே நிமிர்த்தி, தோலோடு தோல் படும்படி வையுங்கள். தலை ஒரு பக்கம் திரும்பி, முகவாய் நெஞ்சில் இடிக்காமல், லேசாக நிமிர்ந்திருக்க வேண்டும். மூக்கும் வாயும் எப்போதும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். கால்கள் தவளைக் கால் மாதிரி மடங்கியிருக்கட்டும். பிறகு, துவைத்த பழைய பருத்தி வேட்டியால் இருவரையும் சேர்த்துச் சுற்றுங்கள். துணியின் மேல் விளிம்பு குழந்தையின் காதுக்குக் கீழே வரட்டும். வயிற்றருகே இறுக்கக் கூடாது, மூச்சு விட இடம் வேண்டும்.

ஒரு தடவைக்கு ஒரு மணி நேரமாவது வைத்திருங்கள். ஒரு நாளில் எவ்வளவு நேரம் முடியுமோ அவ்வளவும் நல்லது. அவள் கண் அயர்ந்தால் பக்கத்தில் ஒருவர் விழித்திருங்கள். அவள் குளிக்கப் போகும்போது அப்பாவோ பாட்டியோ மார்பில் வாங்கிக்கொள்ளலாம். முகம் திருப்பிய மாமியாரிடமும் ஒருமுறை கொடுத்துப் பாருங்கள்.

படி 4: பாலும் பேச்சும்

பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால், ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும். சர்க்கரைத் தண்ணீரும் கழுதைப்பாலும் வேண்டவே வேண்டாம். பச்சிளங்குழந்தைக்கு 20 முதல் 30 செ.மீ. தூரம்தான் தெளிவாகத் தெரியும். பால் குடிக்கும்போது அம்மாவின் முகம் அந்தத் தூரத்தில்தான் இருக்கிறது. செல்போனை வாங்கி வைத்துவிட்டு, குழந்தையைப் பார்த்து ஏதாவது பேசச் சொல்லுங்கள்.

படி 5: எப்போது உதவி கேட்க வேண்டும்?

முதல் சில நாள் காரணமில்லாமல் அழுகை வருவது சகஜம். இரண்டு வாரம் தாண்டியும் அழுகை, தூக்கமின்மை, குழந்தையைத் தொடவே பிடிக்காமை நீடித்தால் கிராம சுகாதார செவிலியரிடம் சொல்லுங்கள். மனநல ஆலோசனைக்கு 14416, மருத்துவ ஆலோசனைக்கு 104. “செத்துப் போயிடலாம்னு இருக்கு” என்றாலோ, குழந்தையை ஏதாவது செய்துவிடுவேனோ என்று பயந்தாலோ, தனியே விடாமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். வயது குறைவு, கேஸ் ஆகிவிடும் என்று வீட்டார் மறைக்கப் பார்ப்பார்கள். உயிர் முக்கியம் என்று அழுத்திச் சொல்லுங்கள்.

குழந்தை பால் குடிக்காமல் துவண்டால், உடம்பு சில்லிட்டால், மூச்சு வாங்கினால், உள்ளங்கை மஞ்சளித்தால் உடனே 108. சித்தேரி, அஞ்செட்டி மாதிரி மலைப்பக்கம் வண்டி வரத் தாமதமாகலாம். காத்திருக்கும்போதும் வண்டியிலும் படி 3-ல் சொன்னபடி மார்போடு கட்டியே வைத்திருங்கள். அம்மாவால் முடியாவிட்டால் நீங்கள் கட்டிக்கொள்ளுங்கள்.