வீட்டில் ஃபோனிக்ஸ்: உயிரொலி சொல்லிக்கொடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆங்கில எழுத்துகளின் ஒலிகளைக் கூட்டி வாசிக்கப் பழக்கும் முறைதான் ஃபோனிக்ஸ். தமிழில் எழுத்தின் பெயரும் ஒலியும் ஒன்றுதான். ‘அ’ என்று எழுதினால் ‘அ’ என்றே வாசிப்போம். ஆங்கிலத்தில் ஏ, ஈ, ஐ, ஓ, யூ என்பவை பெயர்கள் மட்டுமே. சின்னச் சொற்களில் அந்த எழுத்துகள் தரும் ஒலி வேறு. அதிலும் முதல் நான்கு பெயர்கள் நம் நெடில்களைப் போலவே ஒலிப்பதால், அ, ஆ படித்த பிள்ளை அவற்றையே ஒலியாகவும் எடுத்துக்கொள்ளும். ‘பீ, ஐ, என்’ என்று சொல்லவைத்துவிட்டு ‘பின்’ என்று வாசிக்கச் சொன்னால் அதற்கு வழி தெரியாது. முதல் சில மாதங்களுக்கு ஒலியை மட்டும் சொல்லுங்கள். பெயர் பிறகு தானாக வரும்.

அட்டையும் சுவர்ப்படமும் வாங்கி, காதைப் பழக்காமலே கண்ணைப் பழக்குவது அடுத்த தவறு. ஒரு வாரமாவது எழுத்தே காட்டாமல் வாய்ச்சொல் விளையாட்டு நடக்கட்டும். பல்–பால், பனை–பானை, குளம்–களம். குமரி மாவட்டத்துக்கென்றே அமைந்த சோடி ஒன்று உண்டு: வள்ளம் (படகு)–வெள்ளம் (தண்ணீர்). ‘வள்ளம்’ என்று நீங்கள் சொன்னால் பிள்ளை துடுப்புப் போட வேண்டும். ‘வெள்ளம்’ என்றால் குடித்துக் காட்ட வேண்டும். ஓர் உயிரொலி மாறினால் பொருளே மாறும் என்பதைக் காது பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

எடுத்துக்காட்டுச் சொல்லிலும் கவனம் வேண்டும். ‘இ’ என்றதும் இலைப் படத்தைக் காட்டுகிறோம். ஆனால் வீட்டில் எல்லோரும் சொல்வது ‘எலை’. உரல் ‘ஒரல்’ ஆகிறது, விளக்கு ‘வெளக்கு’ ஆகிறது. பிள்ளை ‘எ’ என்று சொன்னால் அது கேட்டதைத்தான் சொல்கிறது. இட்லி, இஞ்சி, உப்பு, உளுந்து போலப் பேச்சிலும் மாறாத சொற்களை எடுங்கள். இதே கணக்கு ஆங்கிலத்துக்கும் பொருந்தும். எலியை ‘யெலி’ என்கிற வாய் முட்டையையும் ‘யெக்’ என்றுதான் சொல்லும். ஆகவே ஈ எழுத்தின் குறிலொலிக்கு எக் வேண்டாம். நெட், பெட், டென் என ஒலி நடுவில் வரும் சொற்கள் நல்லவை. கடற்கரை ஊர்ப் பிள்ளைக்கு வலையைக் காட்டி ‘நெட்’ என்றால் படமே தேவையில்லை.

அதிகம் சறுக்குவது ஏ எழுத்தின் குறிலொலியில். ஐ எழுத்துக்கு நம் ‘இ’ இருக்கிறது, ஈ எழுத்துக்கு ‘எ’, யூ எழுத்துக்கு ஏறக்குறைய ‘அ’ (கப், பஸ், சன்). பேட், பேக், வேன் ஆகியவற்றின் ஒலிக்குத் தமிழில் எழுத்தே இல்லை. ‘எ’யில் தொடங்கித் தாடையை நன்றாக இறக்கி, உதட்டை இரு பக்கமும் இழுத்தால் அது வரும். ஒரு கண்ணாடியை முன்னால் வைத்து, குண்டூசி, பேனா, வாணலி ஆகிய மூன்றின் ஆங்கிலப் பெயர்களையும் (pin, pen, pan) வரிசையாகச் சொல்லவையுங்கள். குண்டூசிக்குப் பல்லிடுக்கில் பிள்ளையின் சுண்டுவிரல் நுனி மட்டும் நுழையும், பேனாவுக்கு ஒரு விரல், வாணலிக்கு ஏறத்தாழ இரண்டு விரல். மூன்றாவதில் வாய் அகலவில்லை என்றால் ஒலி வரவில்லை. “மக்களே, பைய சொல்லு, வாய நல்லா தொற” என்றால் போதும். இலக்கண விளக்கம் வேண்டாம்.

இதனால்தான் ஆங்கிலச் சொல்லுக்கு அடியில் தமிழில் எழுதிக்கொடுப்பதை வேண்டாம் என்கிறோம். பேச்சில் ‘வேன் வந்தாச்சு’ என்று சரியாகவே சொல்லும் பிள்ளை, எழுத்தைப் பார்த்ததும் வேலில் வரும் ‘வே’யைப் போட்டு நீட்டிவிடும். காதில் இருந்த சரியான ஒலியை எழுத்து கெடுத்துவிடுகிறது. ஓ எழுத்திலும் இதே வம்புதான். தமிழில் ‘டாக்டர்’, ‘காலேஜ்’ என்று எழுதுகிறோம்; மலையாளத்தில் ‘டோக்டர்’, ‘கோளேஜ்’. குமரியில் கேரள எல்லையை ஒட்டிய விளவங்கோடு பக்கம் இரண்டும் காதில் விழும். குறிலொலி இந்த ஆவும் அல்ல, அந்த ஓவும் அல்ல. தாடை ஆவுக்கு இறங்கியதுபோல் இறங்க, உதடு லேசாகக் குவிந்து, சட்டென்று முடிய வேண்டும்.

சொல்லின் கடைசியில் ஒட்டிக்கொள்ளும் ‘உ’வையும் பாருங்கள். பேட்டு, கப்பு, பஸ்ஸு என்பது தமிழ் வாயின் இயல்பு. நம் குற்றியலுகரம், அரை மாத்திரை. அதைத் திட்டக் கூடாது. ஆனால் எழுத்துக்கூட்டும்போது அது இல்லாத ஓர் எழுத்தைப் பிள்ளையின் மனத்தில் சேர்த்துவிடும். மெய்யை ‘இக், இச், இப்’ என்று படித்த பிள்ளை ‘இப்–இ–இன்’ என்று கூட்டும். ‘ப–இ–ன’ என்று அகரம் சேர்த்தாலும் சொல் ஒட்டாது. ஸ், ம், ஃப், ன் போல இழுக்கக்கூடிய ஒலிகளில் தொடங்குங்கள்: ‘ஸ்ஸ்ஸ்’ என்று இழுத்து, மூச்சு விடாமல் ‘அ’வுக்குள் போய், ‘ன்’னில் முடித்தால் சன். ப், ட், க் பிறகு வரட்டும்.

வரிசை: ஏ, ஐ, ஓ, யூ, கடைசியில் ஈ. ஐயையும் ஈயையும் அடுத்தடுத்து வைத்தால் பின், பென் இரண்டும் குழம்பும். வாரத்துக்கு ஒரு குறிலொலி, நாளுக்கு பத்து நிமிடம், ஐந்தாறு சொல். பிள்ளை கொட்டாவி விட்டால் அதோடு நிறுத்துங்கள். கடைசியில் ஒலிக்காத ஈ வந்து நடு எழுத்தை நீட்டும் விதியை ஐந்து குறிலும் உறுதியாகும்வரை தொடவே வேண்டாம்.

இரண்டு மூன்று வாரம் விளையாடியும் பனைக்கும் பானைக்கும் வித்தியாசம் தெரியவில்லை, அடிக்கடி சளியும் பிடிக்கிறது என்றால் பாடத்தை நிறுத்திவிட்டுக் காதைக் காட்டுங்கள். நடுக்காதில் நீர் கோத்தால் வலியே இல்லாமல் கேட்கும் திறன் குறையும். நாகர்கோவில் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காது மூக்கு தொண்டைப் பிரிவு இருக்கிறது.