ஃப்ளிங்கில் விண்டோ மூடவே மாட்டேன் என்கிறதா? ஐடில் சோர்ஸைப் பாருங்கள்

ஓயாமல் வரும் தரவை வரவரக் கணக்கிடும் அப்பாச்சி ஃப்ளிங்கில் முதல் ப்ரோக்ராமை எழுதி ஓட விடுகிறீர்கள். செய்திகளை வாங்கிச் சேர்த்துவைக்கும் காஃப்காவிலிருந்து தரவு வருகிறது, லாகில் ஒரு எரர்கூட இல்லை. ஆனால் ஒரு நிமிட விண்டோவின் (ஒரு நிமிடத் தரவை ஒன்றாகக் கட்டும் நேரத் துண்டின்) கூட்டுத்தொகை மட்டும் வெளியே வரவில்லை. எனக்கு முதன்முதலில் இப்படி ஆனபோது, கூட்டல் எழுதிய இடத்தையே அரை நாள் நோண்டிக்கொண்டிருந்தேன். கோளாறு அங்கே இல்லவே இல்லை.

கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். கடைசி ஆள் எழுந்தால்தான் அடுத்த பந்தி. ஃப்ளிங்கிலும் ஒவ்வொரு பார்ட்டிஷனும் (காஃப்கா தரவைப் பிரித்துவைக்கும் பாகம்) ‘இந்த நேரம்வரை வந்தாயிற்று’ என்று ஒரு வாட்டர்மார்க் தருகிறது. அவை சேரும் இடத்தில், இருப்பதிலேயே குறைந்த வாட்டர்மார்க்தான் செல்லும். அது விண்டோவின் முடிவைத் தாண்டினால்தான் விண்டோ மூடி விடை வரும். இலை போட்டும் ஆளே உட்காராத இடம் ஒன்று இருந்தால், பந்தி முடிந்ததாகவே கணக்காகாது. அந்தக் காலி இலைதான் ஐடில் சோர்ஸ், அதாவது தரவே வராமல் சும்மா கிடக்கும் மூலம்.

படி 1: சிக்கலை நீங்களே வரவழையுங்கள்

4 பார்ட்டிஷன் உள்ள ஒரு டாபிக் (காஃப்காவில் ஒரு வகைச் செய்திகளின் தொகுப்பு), தரவு அனுப்ப 3 சென்சார்கள், சென்சாரின் பெயரே கீ. ஒரே கீ ஒரே பார்ட்டிஷனுக்குத்தான் போகும் என்பதால், குறைந்தது ஒரு பார்ட்டிஷனாவது காலியாகவே கிடக்கும். பேரலலிசத்தை, அதாவது ஒரே நேரத்தில் ஓடும் டாஸ்க்குகளின் எண்ணிக்கையை, 4 என்று வைத்து ஓட்டுங்கள்.

படி 2: உறுதி செய்யுங்கள்

ஃப்ளிங்கின் வெப் பக்கத்தில் விண்டோ ஆபரேட்டரைச் சொடுக்கி, வாட்டர்மார்க்ஸ் பகுதியைத் திறந்து பாருங்கள். வாட்டர்மார்க் இல்லை என்று காட்டினாலோ, ஒரே எண்ணில் நின்றுபோயிருந்தாலோ சந்தேகம் சரிதான். எந்தப் பார்ட்டிஷன் என்பது காஃப்காவில் ஆஃப்செட்டை (பார்ட்டிஷனில் செய்தியின் வரிசை எண்) பார்த்தால் தெரிந்துவிடும். பார்ட்டிஷன்களைவிட சோர்ஸின் பேரலலிசம் அதிகமாக இருந்தாலும் இதே கதைதான்: பார்ட்டிஷன் கிடைக்காத டாஸ்க் சும்மா இருந்துகொண்டு எல்லோரையும் நிறுத்தும். அப்படியென்றால் பேரலலிசத்தைக் குறைத்தாலே போதும்.

படி 3: ஒரு வரி சேருங்கள்

10 விநாடி தாமதத்தை அனுமதிக்கும் வாட்டர்மார்க் ஸ்ட்ராட்டஜியோடு (வாட்டர்மார்க்கை எப்படிக் கணிப்பது என்ற விதி) ‘வித் ஐடில்னெஸ்’ மெத்தடைச் சங்கிலிபோல் இணைத்து, 1 நிமிடம் என்று கொடுங்கள். அவ்வளவு நேரம் எதுவும் வராத பார்ட்டிஷனை ஃப்ளிங்க் கணக்கிலிருந்து விலக்கிவைக்கும். தரவு வந்ததும் தானாகவே திரும்பச் சேர்த்துக்கொள்ளும். இங்கே பலரும் சறுக்குவது ஓர் இடத்தில்: இந்த மெத்தட் பழைய ஸ்ட்ராட்டஜியை மாற்றுவதில்லை, புதிதாக ஒன்றைத் திருப்பித் தருகிறது. தனி வரியில் எழுதிவிட்டு அந்த மதிப்பை வாங்காமல் விட்டால், ஒரு பயனும் இல்லை. எரரும் வராது!

ஃப்ளிங்க் எஸ்க்யூஎல் பயன்படுத்துபவர்களுக்கு இதற்கென சோர்ஸ் ஐடில் டைம்அவுட் என்ற செட்டிங் உண்டு. அதன் இயல்பு மதிப்பு 0, அதாவது அணைத்தே இருக்கும்.

படி 4: எவ்வளவு நேரம் கொடுப்பது?

எல்லோருக்கும் பொருந்தும் எண் கிடையாது. சென்சார் 10 விநாடிக்கு ஒருமுறை அனுப்பினால் 5 விநாடி என்று வைக்காதீர்கள். ஒவ்வொரு இடைவெளியிலும் அது ஐடில் ஆகிவிடும். நான் 30 விநாடியிலிருந்து 1 நிமிடத்துக்குள் தொடங்குவேன். இந்த டைம்அவுட் சுவர்க் கடிகாரத்தின்படி ஓடுவது, தரவில் பதிந்திருக்கும் ஈவென்ட் டைம்படி அல்ல.

ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. நெட்வொர்க் அறுந்த சென்சார், சேமித்துவைத்த பழைய அளவுகளை ஒரு மணி நேரம் கழித்து மொத்தமாகக் கொட்டலாம். அதற்குள் மற்ற பார்ட்டிஷன்கள் வாட்டர்மார்க்கை நகர்த்தியிருக்கும், வாட்டர்மார்க் பின்னால் போகாது. பந்தி முடிந்து வந்தவர் போல அந்தத் தரவு சத்தமில்லாமல் தூக்கி எறியப்படும். எனவே தாமதத் தரவை சைட் அவுட்புட்டில், அதாவது தனி வெளியீட்டில், பிடித்துவைப்பதை முதல் நாளே எழுதிவிடுங்கள்.

படி 5: எல்லாமே அமைதியானால்?

இரவில் 3 சென்சாரும் நின்றுவிட்டால் வித் ஐடில்னெஸ் உதவாது. நகர்த்த யாருமே இல்லாததால் கடைசி விண்டோ காலைவரை திறந்தே கிடக்கும். அது உங்களுக்குப் பரவாயில்லை என்றால் விட்டுவிடுங்கள்.

இல்லையென்றால், அனுப்பும் பக்கத்திலிருந்து சில விநாடிக்கொருமுறை ‘உயிரோடு இருக்கிறேன்’ என்று மட்டும் சொல்லும் ஹார்ட்பீட் செய்தி அனுப்புங்கள். கீயை நம்பாமல், பார்ட்டிஷன் எண்ணைக் குறிப்பிட்டு ஒவ்வொன்றுக்கும் அனுப்ப வேண்டும். அப்புறம், அந்தச் செய்திகளை சோர்ஸுக்குப் பிறகு ஃபில்டர் செய்யுங்கள். பைட்டுகளைத் தரவாக மாற்றும் டீசீரியலைசரிலேயே தூக்கி எறிந்துவிட்டால் வாட்டர்மார்க் அதைப் பார்க்காது, விண்டோவும் பழையபடி மூடாது.