பெயர் தெரியாத கதாபாத்திர விளையாட்டு: எடுக்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜூன் மாத மழை பிடித்துக்கொண்டால் இலங்கை மலையகத்தின் அட்டன் பக்கத்தில் மைதானம் என்று ஒன்று இல்லை. கேரமும் லூடோவும் சலித்துப்போன அப்படியொரு ஞாயிற்றுக்கிழமையில்தான் நாங்கள் ஐந்து பேர் மேசைப் பாத்திர விளையாட்டைத் தொடங்கினோம். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசுவார்கள். முடிவு தெரியாத இடத்தில் பகடை உருளும். 1974இல் வெளிவந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்தான் இதில் எல்லோரும் அறிந்த பெயர். அதற்கு அப்பால் விசித்திரமான உலகங்களைக் கொண்ட சிறிய விளையாட்டுகள் ஏராளம். அவற்றில் ஒன்றை ஆடிப் பார்க்கலாமா என்று யோசிப்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

முதல் தவறு, உலகத்தைப் பார்த்து மயங்குவது. 1978இல் வந்த ரூன்குவெஸ்ட் விளையாட்டின் குளோராந்தா உலகில் நிலம் தட்டையானது. தெய்வங்கள் அன்றாட வாழ்வில் கலந்திருக்கும். வாத்து மனிதர்கள்கூட உண்டு. படித்தவுடன் எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. ஆனால் மேசையில் குலங்களையும் தெய்வங்களையும் விளக்குவதிலேயே பாதி மாலை போனது. அடுத்த வாரம் இரண்டு பேர் வரவில்லை. விளையாட்டில் குறையில்லை, நான் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்கவில்லை. என் முறை வந்தால் நான் என்ன செய்வேன்? தேர்வுக்கு முன் அதைத்தான் கேட்க வேண்டும்.

2020இல் வந்த மவுஸ்ரிட்டர் அந்தக் கேள்விக்கு உடனே பதில் சொல்கிறது. நீங்கள் ஒரு சுண்டெலி. உங்கள் தாளில் சில கட்டங்கள் மட்டுமே இருக்கும். வாளோ விளக்கோ எதுவானாலும் காகிதத் துண்டாக வெட்டி அந்தக் கட்டங்களில் வைக்க வேண்டும். பசி வந்தால் அதுவும் ஒரு கட்டத்தை அடைத்துக்கொள்ளும். எதைச் சுமப்பது, எதை விட்டுச் செல்வது என்பதே ஆட்டம். தேயிலைக் கொழுந்துக் கூடை சுமந்தவர்களின் பிள்ளைகளுக்கு அதை விளக்க வேண்டியே இருக்கவில்லை.

“இதெல்லாம் நமக்கு ஒத்துவராது” என்று ஒதுக்குவது இன்னொரு தவறு. மாசியில் காமன் கூத்து நடக்கும்போது, நேற்றுவரை பக்கத்து லயத்தில் (தோட்டத்து வரிசை வீட்டில்) பார்த்தவரை ரதியாகவும் மதனாகவும் ஏற்றுக்கொண்டு கண்கலங்கும் மக்கள் நாம். வேடம் நமக்குப் புதிதன்று. ‘த குவைட் இயர்’ என்ற விளையாட்டில் கதை நடத்துபவர் கிடையாது. ஒரு சீட்டுக்கட்டு, ஒரு வெள்ளைத்தாள், பென்சில்கள், சில பகடைகள், சில்லறைக் காசுகள் போதும். பேரழிவுக்குப் பின் எஞ்சிய ஒரு சிற்றூரின் வரைபடத்தை எல்லோரும் சேர்ந்து வரைய வேண்டும். ஒரு சீட்டு ஒரு வாரம். 52 சீட்டு ஓராண்டு. குளிர்காலத்தில் ‘உறைபனி மேய்ப்பர்கள்’ வந்ததும் ஆட்டம் முடிந்துவிடும். அவர்கள் யாரென்று விளையாட்டு சொல்வதில்லை. வசந்தம், இலையுதிர் காலம் என்ற பிரிவு நமக்கு அந்நியம்தான். ஆனால் ஜனவரி, பெப்ரவரியில் நுவரெலியாப் பக்கம் உறைபனி விழுந்து கொழுந்து கருகுவதைக் கண்டவர்களுக்கு அந்தக் கடைசிச் சீட்டு அந்நியமில்லை. நாங்கள் வரைந்த தாளில் முதலில் வந்தது தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரை, அடுத்தது மாரியம்மன் கோவில்.

வெளிநாட்டிலிருந்து தடித்த புத்தகத்தை வரவழைத்துவிட்டு யோசிக்காதீர்கள். விண்வெளிக் கதையான ‘லேசர்ஸ் அண்ட் ஃபீலிங்ஸ்’ முழுவதும் ஒரே பக்கம், இலவசம். போட்டோ கொப்பி எடுத்து, லூடோப் பெட்டியின் பகடைகளைக் கொண்டே விண்கலத்தில் ஏறிவிடலாம்.

விதிகள் ஆங்கிலத்தில் இருப்பதால் ஆட்டத்தையும் ஆங்கிலத்தில் நடத்துவது பெரிய இழப்பு. எங்கள் மேசையில் வாய் திறக்காமல் இருந்த பிள்ளை, தமிழுக்கு மாறிய அன்று ஒரு கிழட்டு எலியாகப் பத்து நிமிடம் பேசினாள். ஒருவர் விதிகளைப் படித்துச் சொன்னால் போதும்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். எங்கோ எழுதப்பட்ட விளையாட்டில் மண்சரிவு ஒரு கதைத் திருப்பம் மட்டுமே. 2014 ஒக்டோபரில் மீரியாபெத்தைத் தோட்டத்தில் மண்சரிவில் லயங்கள் புதையுண்ட பிறகு இங்கே அது அப்படியில்லை. எதைக் கதைக்குள் கொண்டுவரக் கூடாது என்று தொடங்கும் முன்பே எல்லோரிடமும் கேளுங்கள். பெருக்கல் குறி போட்ட அட்டையொன்றை மேசை நடுவில் வைப்பது இந்த விளையாட்டுகளில் பரவலான வழக்கம். யார் அதைத் தொட்டாலும் அந்தக் காட்சி அங்கேயே நிற்கும். காரணம் கேட்கக் கூடாது.

ஓராண்டுக் கதைக்கு ஒப்புக்கொள்ளவும் வேண்டாம். ஒரு மாலை ஆடுங்கள். முடிந்தவுடன் “எப்படி இருந்தது?” என்று கேட்டால் மரியாதைக்காக நல்லதையே சொல்வார்கள். அடுத்த ஞாயிறுவரை பொறுத்திருந்து, அவரவர் பாத்திரத்தின் பெயரைக் கேளுங்கள். சட்டென்று சொன்னால் தாளை மறுபடி விரிக்கலாம்.