டிஎன்ஏ சோதனையா? வீட்டில் மூத்தவருக்கு முதலில்

கனடாவில் இருந்தோ லண்டனில் இருந்தோ சொந்தக்காரர் யாராவது பூர்வீகம் அறியும் டிஎன்ஏ சோதனைப் பெட்டியோடு திருகோணமலைக்கு வந்தால், அதைப் பிள்ளைகளிடம் கொடுக்காதீர்கள். சம்மதித்தால் அம்மம்மாவுக்கே முதலில் எடுங்கள். ஒவ்வொரு தலைமுறையிலும் பாதி மரபணுதான் கீழே இறங்கும். அம்மம்மாவிடம் அவருடைய பூட்டியின் பங்கு ஏறக்குறைய 12.5 வீதம் இருக்கும். பேரப்பிள்ளையான உங்களிடம் 3 வீதம் அளவில்தான்.

எச்சில் எடுக்குமுன் அரை மணி நேரம் தேநீர், சாப்பாடு, வெற்றிலை எதுவும் கூடாது. வெற்றிலை போடுகிறவர் என்றால் அதற்கு முன்பே வாயை நன்றாகக் கொப்பளிக்கச் சொல்லுங்கள். வயதானவர்களுக்கு எச்சில் லேசில் ஊறாது. கன்னத்தை வெளியில் இருந்து மெல்லத் தடவிவிட்டால் ஊறும். நுரையைக் கணக்கில் எடுக்காமல், குழாயில் உள்ள கோடு வரை நிரப்ப வேண்டும்.

அப்பப்பாவின் ஆண்வழி தெரிய வேண்டுமா? ஆண்களிடம் உள்ள வை (Y) குரோமோசோம் என்ற மரபுக்கூறு தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டுமே போகும். ஆகவே பெரியப்பாவையோ சித்தப்பாவையோ கேளுங்கள்.

முடிவில் வரும் ‘எந்த நாடு எத்தனை வீதம்’ வெறும் மதிப்பீடுதான். என்னைக் கேட்டால், மரபணு ஒத்துப்போகும் உறவினர் பட்டியல்தான் பொக்கிஷம். அதைப் பழைய பிறப்புச் சான்றிதழ்களில் உள்ள பாட்டனார் பெயரோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.