உரைத் தொடர் நடத்துகிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிர்த்துவிடுங்கள்

வானியல், தோட்டக்கலை, வரலாறு, உடல்நலம் என்று ஆண்டு முழுக்கப் பட்டியல் போட்டுவிட்டால் நிகழ்ச்சி பலவகையாகிவிடும் என்று பல சங்கங்கள் நம்புகின்றன. தாளில் அப்படித்தான் தெரியும். ஆனால் மாதாமாதம் ஒருவர் நின்று பேச, மற்றவர்கள் உட்கார்ந்து கேட்பது மட்டும்தான் நடக்கிறது என்றால், தலைப்பு மாறியும் பயனில்லை. ஒரு மாதம் படங்களோடு உரை, அடுத்த மாதம் செய்முறை விளக்கம், அதற்கடுத்து இருவர் உரையாடல் என வடிவத்தையும் மாற்றுங்கள்.

இதைவிடப் பெரிய தவறு ஒன்று உண்டு. ஆள் கிடைத்த மகிழ்ச்சியில், "நீங்க எதைப் பத்தி வேணும்னாலும் பேசுங்க சார்" என்று சொல்லிவிடுவது. மரியாதைக்குச் சொல்கிறோம், பேச வருபவருக்கோ அது பெரும் சுமை. தேனீ வளர்ப்பவரிடம் 'தேனீக்கள்' என்று மட்டும் சொன்னால், பள்ளிப் பாடம்போலத் தொடங்கிவிடுவார். 'ராணித் தேனீ திடீரென்று இறந்துவிட்டால் கூட்டில் என்ன நடக்கும்?' என்று கேட்டுப் பாருங்கள். வேலைக்காரத் தேனீக்கள் இளம் புழுக்களில் சிலவற்றைத் தேர்ந்தெடுத்து, தனி உணவு ஊட்டிப் புது ராணியை உருவாக்குவதை, தான் பெட்டிக்குள் பார்த்தபடியே சொல்வார். பழைய தேனடை ஒன்றையும் எடுத்துவரச் சொல்லுங்கள். அது கைக்குக் கை மாறும்போதே கேள்விகள் பிறக்கும். வருபவர்களின் வயது என்ன, அந்தத் துறையில் எவ்வளவு தெரியும் என்பதையும் அழைக்கும்போதே சொல்லிவிட வேண்டும். என் கணிப்பில், உரையின் தரத்தில் பாதி அந்தத் தொலைபேசிப் பேச்சிலேயே முடிவாகிவிடுகிறது.

நேரத்தைப் பொறுத்தவரை, "சுருக்கமாப் பேசுங்க" என்பது யாருக்கும் உதவாது. டெட் (TED) என்ற புகழ்பெற்ற உரை மேடையில் 18 நிமிடத்துக்கு மேல் பொதுவாகத் தருவதில்லை. நமக்கு அவ்வளவு கறார் வேண்டாம். ஒரு மணி நேரத்தில் 40 நிமிடம் உரை, 20 நிமிடம் கேள்விகள் என்று முன்கூட்டியே பேசிவைத்தால் போதும். அறிமுக உரை அந்த நேரத்தைத் தின்னாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பேச்சாளரின் பட்டங்களை எல்லாம் வாசிக்கத் தேவையில்லை.

கருவிகளைக் கூட்டம் சேர்ந்த பிறகு சோதிக்காதீர்கள். தமிழ் எழுத்துரு இல்லாத கணினியில் ஸ்லைடுகள் வெறும் கட்டங்களாகத் தெரியும்; பிடிஎஃப் நகல் ஒன்றை முன்பே வாங்கிவையுங்கள். அவையிலிருந்து வரும் கேள்வியை மைக்கில் ஒருமுறை திருப்பிச் சொன்ன பிறகே பதில் வரட்டும். காது மந்தமானவர்கள் கூட்டத்துக்கு வருவதை நிறுத்திவிடுவது கேள்விகள் காதில் விழாததாலும் இருக்கலாம், வெளியே சொல்லமாட்டார்கள்.

இலவசமாகப் பேச முன்வருபவர் கடைசியில் காப்பீட்டுத் திட்டத்தையோ சத்து மாவையோ விற்கத் தொடங்கினால் கேட்பவர்களின் நம்பிக்கை போய்விடும். 'விற்பனை கூடாது' என்று அழைக்கும்போதே தெளிவாகச் சொல்லுங்கள். பயணச் செலவையும் அப்போதே பேசிவிடுங்கள். வருபவர் அதைத் தானாகக் கேட்கக் கூச்சப்படுவார்.

பேச்சாளர் கடைசி நேரத்தில் வர முடியாமல் போவதும் உண்டு. உறுப்பினர்களில் இருவரையாவது, தங்களுக்குப் பிடித்த ஏதாவது ஒன்றைப் பற்றி 20 நிமிடம் பேசத் தயாராக இருக்கச் சொல்லுங்கள்.