கடைசிப் புல்வெட்டு நாளிலேயே ஓரக்குச்சிகளை நட்டுவிடுங்கள்
புல் வெட்டுவதோடு குளிர்காலத்தில் பனி அகற்றவும் நாம் ஒப்புக்கொண்டுள்ள வீடுகளில், இலையுதிர்காலத்தின் கடைசிப் புல்வெட்டுக்குச் செல்லும் நாளிலேயே, வாகனப் பாதையின் இரு ஓரங்களிலும், குறிப்பாக வளைவுகளில், பளிச்சென்ற நிறக் குச்சிகளை நட்டுவிடுங்கள். உறையாத மண்ணில் அவை கையால் அழுத்தினாலே ஒரு சாண் இறங்கிவிடும். தரை உறைந்தபின் துளையிடும் கருவி வேண்டியிருக்கும், தனிப் பயணச் செலவும் சேரும். விடியற்காலை இருட்டில், பனி மூடிய பாதை எது, புல்தரை எது என்று பனி அகற்றும் வண்டியின் ஓட்டுநருக்குத் தெரியாமல், பனியைத் தள்ளும் அதன் தள்ளுதகடு ஓரம் தவறினால், பாய்போலச் சுருண்டு பெயரும் புல்லை வசந்தத்தில் நம் செலவில்தான் சீரமைக்க வேண்டும் (வாடிக்கையாளரின் முகச்சுளிப்பு தனி). பாதையை ஒட்டி நட்டால் தகடே குச்சியை முறித்துவிடும் என்பதால் ஒரு கையகலம் தள்ளி நடுவதே நல்லது. உயரமான கல்வரம்பு உள்ள பாதைகளுக்கும், கையால் மட்டும் பனி வாரும் சிறு நடைபாதைகளுக்கும் இது தேவையில்லை.